கடற்கரை விடுதியில் சுருட்டு கெடாமல் இருக்க

கியூபாவின் வரதேரோ போன்ற கடற்கரையில் விடுமுறைக்குச் சுருட்டு வாங்கினால், அதை விடுதி மேசையில் திறந்து வைக்காதீர்கள். ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், '65' என்று அச்சிட்ட ஈரப்பதப் பொட்டலம் ஒன்றைப் போட்டு, அதனுடன் வையுங்கள். விலை உயர்ந்த மரப்பெட்டியெல்லாம் ஒரு வாரப் பயணத்துக்கு வீண் செலவு.

சுருட்டுக்கு ஏற்ற ஈரப்பதம் ஏறத்தாழ 65 முதல் 70 சதவீதம். ஏசி அறை அதை உலர்த்துகிறது, கடற்காற்றோ ஊற வைக்கிறது. இரண்டுக்கும் இடையில் அலைக்கழிந்த சுருட்டைப் பற்றவைத்தால், மேலே சுற்றிய மெல்லிய இலை நீளவாக்கில் வெடித்து உரிந்து வரும். உள்ளே ஒரு பக்கம் மட்டும் எரியும். பொட்டலத்திலுள்ள உப்புக் கரைசல், டப்பாவுக்குள் ஈரம் கூடினால் உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் வெளிவிடும். சுருட்டோடு வரும் செலோபேன் உறை இதற்குப் போதாது, அதன் வழியே ஈரம் புகும்.

டப்பாவை மணலில் வெயில் படும்படி விட்டால் பலனில்லை. சூட்டில் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்து, இலையில் குண்டூசித் துளைகள் விழும்.

வாங்கிய அன்றே புகைத்துவிடுபவர்களுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை. உலர்ந்த நிலையிலேயே தகர டப்பாவில் விற்கும் சிறு சுருட்டுகளுக்கும் வேண்டாம், ஈரம் அவற்றைக் கெடுக்கும். தாய்லாந்தின் பட்டோங் கடற்கரையிலோ, ஒதுக்கிய இடங்களைத் தவிர, புகைக்கவே தடை.