பரோல் கட்டலாம்: பிலிப்பைன்ஸ் நட்சத்திர விளக்கின் மூங்கில் கணக்கு

கைதிகளுக்குக் கிடைக்கும் பரோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிலிப்பைன்ஸில் பரோல் என்றால் மூங்கில் குச்சியும் மெல்லிய தாளும் கொண்டு கட்டும் கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு. ஸ்பானியர்கள் லாந்தரை ‘ஃபரோல்’ என்றார்கள். தகாலோக் பேசுகிறவர்களின் வாயில் ‘ஃப’ நுழையவில்லை, பரோல் ஆகிவிட்டது. காஃபியைக் காப்பியாக்கிய நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடிவதற்கு முன்பே அங்கே தேவாலயங்களில் பூசை நடக்கும். அதற்கு சிம்பங் கபி என்று பெயர். நம் மார்கழி பிறக்கிற அதே நாட்கள், அதே இருட்டு. தெருவிளக்கு இல்லாத காலத்தில் அந்த இருட்டில் வழிகாட்டக் கையில் கொண்டுபோனதுதான் பரோல். பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலிலேயே சுடச்சுட பிபிங்கா என்ற அரிசிமாவுக் கேக் கிடைக்கும். பக்கத்தில் ஊதா நிறத்தில் புத்தோ பும்போங்; மூங்கில் குழாயில் அவித்தெடுப்பது, நம் குழாய்ப் புட்டுக்குத் தம்பி என்று சொல்லலாம். இப்போது பரோலைக் கையில் தூக்கிக்கொண்டு யாரும் போவதில்லை, ஜன்னலிலும் வாசலிலும் தொங்குகிறது. செப்டம்பர் பிறந்தாலே அங்கே கிறிஸ்துமஸ் தொடங்கிவிடும் என்பதால் நான்கு மாதம் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டியிருக்கிறது.

கோணல்மாணலாக வந்த பரோலைப் பார்த்தால் எல்லோரும் தாளைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு மூங்கிலில் இருக்கும். சட்டம் சரியாக வந்துவிட்டால் தாள் ஒட்டுவது அரை மணி நேர வேலை.

மூங்கில்

முற்றிய, நன்றாகக் காய்ந்த மூங்கில் வேண்டும். பச்சை மூங்கிலைச் சீவுவது சுலபம், வளைப்பதும் சுலபம், அதனால்தான் ஆசை வரும். ஆனால் காயக் காயக் குச்சி சுருங்கும். இறுக்கிப் போட்ட கட்டு இரண்டு வாரத்தில் தளரும், அதோடு தாளும் தொய்யும்.

இங்கே சொல்லும் அளவு வீட்டு ஜன்னலுக்குப் பொருந்தும் நடுத்தர நட்சத்திரத்துக்கு. 62 செ.மீ. நீளத்தில் 10 குச்சிகள், ஒவ்வொன்றும் 1 செ.மீ. அகலம், 3 மி.மீ. கனம். இவற்றில் முன், பின் என இரண்டு நட்சத்திரம் கட்ட வேண்டும். இவை தவிர, இரண்டுக்கும் நடுவே நிறுத்த 10 செ.மீ. நீளத்தில், பென்சில் பருமனில் 5 முட்டுக்குச்சிகள். நீளக் குச்சிகளைச் சீவும்போது பச்சைத் தோல் பக்கத்தை விட்டுவிட்டு உள்பக்கத்தை மட்டும் சீவுங்கள், பலம் தோலில்தான் இருக்கிறது. கணு வரும் இடத்தில் மேட்டைத் தட்டையாக்குங்கள், ஆழமாக வெட்டிவிடாதீர்கள். வளைக்கும்போது அங்கேதான் முறியும். சீவிய விளிம்பு பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும், உப்புத்தாள் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

சீவி முடித்ததும் ஒவ்வொரு குச்சியையும் இரு முனையில் பிடித்து வில்லாக வளைத்துப் பாருங்கள். வளைவு ஒரே சீராக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வளைந்தால் அங்கே கனம் குறைவு என்று அர்த்தம். அப்படிப்பட்ட குச்சி ஒன்று உள்ளே போனாலும் நட்சத்திரம் முறுக்கிக்கொள்ளும், பிறகு எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. பத்துக்குப் பன்னிரண்டாகச் சீவி வைத்துக்கொண்டு, ஒத்து வளைகிற பத்தைப் பொறுக்கி எடுப்பது நல்லது.

23 – 14 – 23

குச்சியின் இரு முனையிலிருந்தும் 1 செ.மீ. உள்ளே தள்ளிச் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுங்கள், நூல் நழுவாமல் உட்கார. வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே இப்போது 60 செ.மீ. இருக்கும். அந்த வெட்டிலிருந்து 23 செ.மீ. தள்ளி இரு பக்கமும் பேனாவால் கோடு போடுங்கள். நடுவில் 14 செ.மீ. மிஞ்சும். பத்துக் குச்சியிலும் இதே கோடுகள்.

ஐந்து முனை நட்சத்திரத்தில் ஒரு குச்சி மற்ற இரண்டு குச்சிகளைக் கடக்கும். நட்சத்திரம் சரியாக இருந்தால் கடக்கும் இடங்கள் குச்சியின் நீளத்தில் 0.382 பங்கிலும் 0.618 பங்கிலும்தான் விழும். 23 செ.மீ. வந்தது அந்தக் கணக்கில். கண்மட்டத்தில் கட்டுகிறவர்களுக்கு நட்சத்திரத்தின் ஒரு கை நீண்டு ஒரு கை குட்டையாகப் போவது இந்தக் கோடு இல்லாததால்தான். வேறு அளவில் செய்வதானால் நீளத்தை 0.38-ஆல் பெருக்குங்கள். 45 செ.மீ. குச்சிக்கு 17, 90 செ.மீ. குச்சிக்கு 34. முட்டுக்குச்சி நீளம் எப்போதும் ஆறில் ஒரு பங்கு.

தரையில் ஐந்து குச்சிகளை நட்சத்திரமாக அடுக்கி, கோடும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று பாருங்கள். அடுக்கும்போதே கூடை முடைவதுபோலப் பின்ன வேண்டும். ஒவ்வொரு குச்சியும் தான் சந்திக்கும் இரண்டில் ஒன்றுக்கு மேலும் மற்றொன்றுக்குக் கீழுமாகப் போக வேண்டும். நான்கு குச்சி எளிதில் அமையும், ஐந்தாவதைக் கொஞ்சம் வளைத்துத்தான் நுழைக்க வேண்டியிருக்கும். பின்னாமல் சும்மா அடுக்கிக் கட்டினால் முட்டுக் கொடுத்த உடனே மேலே இருக்கும் குச்சி தனியாகப் பிதுங்கிக்கொண்டு நிற்கும்.

முதலில் முனைகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்துங்கள். பக்கத்துப் பக்கத்து முனைகளுக்கு இடையே அளந்தால் ஐந்து இடத்திலும் 37 செ.மீ. வர வேண்டும். வந்த பிறகு பருத்தி நூலால் முனைகளையும், உள்ளே கடக்கும் ஐந்து இடங்களையும் கட்டி ரப்பரைக் கழற்றுங்கள். அதையே நிரந்தரமாக விட்டுவிட்டால் வெயிலில் இற்றுப் போகும். இதே மாதிரி இன்னொரு நட்சத்திரம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் முனைகள் பொருந்த வேண்டும். அரை செ.மீ. வரை வித்தியாசத்தை விட்டுவிடலாம், அதற்கு மேல் போனால் அவிழ்த்துக் கட்டுவதுதான் வழி.

தோல் பக்கம் இரண்டிலும் வெளியே பார்த்திருக்கும்படி வைத்து, ஐந்து முனைகளையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்துக் கட்டுங்கள். இந்த நிலையில் சட்டம் தட்டையாக இருக்கும். பத்துப் பதினைந்து செய்கிறவர்கள் இப்படியே அடுக்கி வைத்துக்கொள்ளலாம், இடம் அடைக்காது.

முட்டுக் கொடுப்பது

முட்டுக்குச்சியின் இரு முனையிலும் ‘V’ வடிவில் வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஐந்து சந்திப்புகளில் முன் நட்சத்திரத்துக்கும் பின் நட்சத்திரத்துக்கும் நடுவே ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். வரிசையாகப் போகாதீர்கள். ஒன்று வைத்து, ஒன்று விட்டு அடுத்ததை வையுங்கள். வரிசையாக வைத்தால் ஒரு பக்கம் முழுக்க உப்பி, கடைசி முட்டு நுழையவே நுழையாது. ஐந்தும் நின்ற பிறகு நூலால் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிக் கட்டி, முடிச்சில் ஒரு பொட்டு ஃபெவிக்கால் வைத்துவிடுங்கள்.

இப்போது மேல் முனையில் நூல் போட்டுத் தொங்கவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முனைகள் ஐந்தும் ஒரே தளத்தில் இருந்தால் சரி. ஒரு முனை முன்னால் வந்து நின்றால், பக்கத்தில் இருக்கும் இரண்டு முட்டுகளை அளந்து பாருங்கள். ஒன்று கூடவோ குறைவாகவோ இருக்கும். முட்டு சரியாக இருந்தும் கோணினால் குச்சிக் கனம்தான் காரணம். அந்தக் கையின் தடித்த குச்சியை உள்பக்கம் லேசாகச் சுரண்டினால் அடங்கும். தாள் ஒட்டினால் நேராகிவிடும் என்று நம்பி அப்படியே விடாதீர்கள். ஆகாது.

பசையும் தாளும்

அங்கே பாப்பெல் தே ஹப்போன் என்ற மெல்லிய வண்ணத்தாள் போடுவார்கள், ஸ்பானியத்தில் ‘ஜப்பான் தாள்’ என்று பொருள். பட்டம் விடும் தாள் அதற்குச் சரியான மாற்று. 50 × 70 செ.மீ. அளவில் மூன்று தாள் போதும், வாலுக்குத் தனியாக இரண்டு. பசைக்கு அவர்கள் ‘கவ்கவ்’ எனும் ஸ்டார்ச் மாவைக் காய்ச்சுவார்கள். நமக்கு மைதாவோ மரவள்ளி மாவோ போதும். 2 மேசைக்கரண்டி மாவைக் கால் தம்ளர் பச்சைத்தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, முக்கால் தம்ளர் கொதிக்கும் நீரில் ஊற்றி, சிறு தீயில் கண்ணாடிபோல வரும்வரை கிளற வேண்டும். நன்றாக ஆறிய பிறகே தொடுங்கள். தண்ணீராக இருந்தால் தாளின் சாயம் இறங்கிக் கறை படியும், சூடாக இருந்தாலும் அப்படித்தான். பூச்சி அரிக்காமல் இருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். குழந்தைகள் கை வைக்கிற வேலை, இதற்கு வேண்டாம்.

மூன்று வடிவில் தாள் வெட்ட வேண்டும். கைகளின் முன்னுக்கும் பின்னுக்கும் அடி 14, பக்கம் 23 செ.மீ. கொண்ட முக்கோணம் 10. முன் குச்சிக்கும் பின் குச்சிக்கும் நடுவே உள்ள பக்கச் சுவருக்கு அடி 10, பக்கம் 23 செ.மீ. முக்கோணம் 10. நடுவில் ஒட்ட, பக்கம் 14 செ.மீ. உள்ள ஐங்கோணம் 2. எல்லாவற்றுக்கும் சுற்றிலும் ஒன்றரை செ.மீ. மடிப்புக்கு விட்டு வெட்டுங்கள். பசையைத் தாளில் தடவாமல் குச்சியில் தடவுங்கள், தாள் ஊறாது. முதலில் பக்கச் சுவர், பிறகு கைகள், கடைசியில் ஐங்கோணம். இந்த வரிசையில் போனால் ஒட்டுகள் எல்லாம் அடுத்த தாளின் அடியில் ஒளிந்துகொள்ளும். பின்பக்க ஐங்கோணத்தில் மூன்று விளிம்பை மட்டும் ஒட்டி, கை நுழைய இரண்டை விடுங்கள். பல்பு மாற்றவும் வழி, சூடு வெளியேறவும் வழி.

தாளை விறைப்பாக இழுத்து ஒட்டத் தேவையில்லை. சுருக்கமில்லாமல் இருந்தால் போதும். இழுத்து ஒட்டிய தாள் மூங்கில் சற்று அசைந்தாலே மூலையில் கிழியும்.

வால் இரண்டு, கீழ் முனைகளில். 20 செ.மீ. அகலத் தாளை நாலாக மடித்து, மேலே 3 செ.மீ. விட்டுவிட்டு அரை செ.மீ. இடைவெளியில் கத்தரித்து, விரித்துச் சுருட்டிக் கட்டினால் குஞ்சம் வந்துவிடும். இரண்டும் ஒரே எடை இருக்க வேண்டும், இல்லையென்றால் பரோல் சாய்ந்து தொங்கும்.

விளக்கு

அடுத்தடுத்து இல்லாத இரண்டு முட்டுகளுக்குக் குறுக்கே ஒரு சட்டம் கட்டி, அதில் ஹோல்டரைப் பொருத்துங்கள். 3 வாட் எல்.இ.டி. தாராளம். பழைய குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். தாளும் காய்ந்த மூங்கிலும் சேர்ந்தால் அடுப்புக்கு வேறென்ன வேண்டும்? சிவப்பு, மஞ்சள் தாளுக்கு மஞ்சள் ஒளி எடுக்கும். நீலத் தாளுக்கு அதே பல்பைப் போட்டால் அழுக்காகத் தெரியும், வெள்ளை ஒளி போடுங்கள். தொங்கவிடும் கம்பி மேல்முனைக் கட்டில், இரு நட்சத்திரங்களையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். காற்றில் சுழலாமல் இருக்கக் கீழ் முனை இரண்டிலிருந்தும் தூண்டில் நரம்பு இழுத்துக் கட்டுங்கள். மழைக்குத் தாள் நிற்காது. பிலிப்பைன்ஸின் கிழக்குக் கரையிலும் டிசம்பர் மழைக்காலம்தான், நம் கடற்கரை ஊர்களிலும் அப்படியே. திறந்தவெளிக்கு வண்ணக் கண்ணாடித் தாள் போடுங்கள்.

டப்பாவால் மினுக்குவது

பம்பாங்கா மாகாணத்தின் சான் ஃபெர்னாண்டோவில் டிசம்பரில் ராட்சத பரோல் போட்டி நடக்கும். உள்ளூர் மொழியில் லிக்லிகன் பருல். ஒவ்வொன்றும் சுமார் 20 அடி விட்டம், ஆயிரக்கணக்கான பல்புகள், இசைக்கு ஏற்ப ஒளி ஓடும். அதன் சூட்சுமத்தில் கம்ப்யூட்டர் இல்லை. மின்சாரம் ஓடும் பெரிய இரும்பு உருளை, அதன்மேல் அங்கங்கே மாஸ்கிங் டேப், உரசியபடி நிற்கும் வரிசையான கொண்டை ஊசிகள். ஒவ்வோர் ஊசியிலிருந்தும் ஒரு பல்பு வரிசைக்குக் கம்பி போகும். உருளையைக் கையால் சுழற்றும்போது இரும்பைத் தொட்ட ஊசிக்கு ஒளி, டேப்பில் ஏறிய ஊசிக்கு இருட்டு. டேப்பை வெட்டி ஒட்டுகிற விதம்தான் நடனம்.

இதைச் சின்னதாக வீட்டில் செய்யலாம், ஆனால் பேட்டரியில் மட்டும். வீட்டு மின்சாரத்தில் செய்தால் சுழற்றுகிறவர் கைக்கு ஷாக் நிச்சயம். பெயின்ட் இல்லாத தகர டப்பாவை உப்புத்தாளால் தேய்த்து, இரு மூடியின் நடுவிலும் ஓட்டை போட்டுக் குச்சி செருகுங்கள். டப்பாவின் ஓரத்தில் 2 செ.மீ. பட்டையை வெறுமனே விட்டு, அங்கே உரசும் ஊசிக்கு பேட்டரியின் பிளஸ். மிச்ச இடத்தில் மாஸ்கிங் டேப் சுற்றி, அதன்மேல் ஐந்து ஊசிகள், ஒவ்வொன்றும் ஒரு கையின் எல்.இ.டி. சரத்துக்கு, சரத்தின் மறுமுனை மைனஸுக்கு. அந்த டேப்பில் படிக்கட்டுபோல ஜன்னல் வெட்டினால் ஒளி ஒரு கையிலிருந்து அடுத்ததற்குத் தாவும். சரம் விட்டுவிட்டு எரிந்தால் ஊசியின் அழுத்தம் போதவில்லை. முனையைச் சற்று உள்நோக்கி வளைத்துவிடுங்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் வரும் மூன்று அரசர் திருநாளோடு பரோலை இறக்குவது வழக்கம், இறக்க மனம் வராதவர்களும் ஏராளம். இறக்கியதும் தாளைத் தண்ணீர் தெளித்து உரித்து, ஐந்து முட்டுகளையும் கழற்றி, சட்டத்தைத் தட்டையாகப் பரணில் தொங்கவிடுங்கள். முட்டுகளை மேல் முனையிலேயே கட்டி வையுங்கள், அடுத்த வருஷம் தொலைந்துபோவது அவைதான்.