ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ்: யாருக்கு ஏற்றது, எப்படி எடுப்பது

அமெரிக்காவில் இருக்கிறீர்கள், சனி ஞாயிறில் சின்ன விமானம் ஒன்றை நீங்களே ஓட்டிக்கொண்டு பக்கத்து ஊர் வரை போய்வர ஆசை, பைலட் வேலைக்குப் போகும் எண்ணமெல்லாம் கிடையாது. அப்படியானால் நேராகப் பிரைவேட் பைலட் லைசென்ஸில் போய் நிற்காதீர்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 2004-இல் கொண்டுவந்த ஸ்போர்ட் பைலட் லைசென்ஸை முதலில் பாருங்கள்.

பிரைவேட்டுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், ஸ்போர்ட்டுக்கு 20. அதில் 15 மணி இன்ஸ்ட்ரக்டருடன், 5 மணி தனியாக. பாதி நேரத்தில் அரைகுறையாகச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். இரவுப் பயணப் பயிற்சி இதில் கட்டாயமில்லை. பகலில், தரை தெரியும் வானிலையில், விமானத்தைக் கையால் ஒழுங்காக ஓட்டுவதற்குத்தான் நேரம் போகிறது. பொழுதுபோக்காகப் பறப்பவருக்கு அன்றாடம் வேண்டியது அதுதானே. ஆனாலும் 20 என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். வாரத்துக்கு இரண்டு முறையாவது பறக்க முடியாதவர்களுக்கு அது 30, 35 என்று இழுக்கும், பணத்தை அந்தக் கணக்கிலேயே ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மருத்துவ விஷயம், ஏனென்றால் பலர் கால் தடுக்குவது இங்கேதான். ஸ்போர்ட் பைலட்டுக்கு எஃப்ஏஏ மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை, செல்லுபடியாகும் அமெரிக்க ஓட்டுநர் உரிமம் போதும். ஆனால் இதற்கு முன் எப்போதாவது அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, கடைசி விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டித் தப்ப முடியாது. அதனால் இதயம், நீரிழிவு, மன அழுத்த மருந்து என்று ஏதாவது இருந்தால், "சும்மா போய்ப் பார்ப்போமே" என்று விண்ணப்பத்தை நிரப்பிவிடாதீர்கள். விமான மருத்துவரிடம் முதலில் ஆலோசனையாக மட்டும் பேசுங்கள். மறுக்கப்படவில்லை என்பதற்காக எதையும் மறைத்துக்கொண்டு பறக்கலாம் என்று அர்த்தமில்லை. பாதுகாப்பாக ஓட்ட முடியாத உடல்நிலை என்று தெரிந்தால் பறக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் உட்பட, போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏவின் அனுமதி வாங்கிய பிறகுதான் பறக்கும் பயிற்சியைத் தொடங்க முடியும். கைரேகை, கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு. பாடம் படிக்கும் வேலையை அதற்குள் முடித்துவிடலாம்: எழுத்துத் தேர்வில் 40 கேள்விகள், 70 சதவீதம் வாங்கினால் போதும்.

விமானம் கிடைப்பது முன்பு பெரிய தலைவலி. 600 கிலோவுக்குள் இருக்கும் இரண்டு இருக்கை விமானங்களைத்தான் ஸ்போர்ட் பைலட் ஓட்டலாம் என்றிருந்தது, பல ஊர்ப் பயிற்சிப் பள்ளிகளில் அது இருக்காது. மொசைக் என்ற புதிய விதி 2025 அக்டோபர் 22 முதல் இதை மாற்றிவிட்டது. இப்போது எடை கணக்கில்லை, இறக்கையின் பின்ஓரத் தகடான ஃப்ளாப்பை இறக்காத நிலையில் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், மணிக்கு 59 கடல்மைலுக்குள் (59 நாட்) இருக்க வேண்டும், இருக்கை நான்கு வரை இருக்கலாம். ஆகவே மூலைமுடுக்கெல்லாம் நிற்கும் செஸ்னா 172-ம் உள்ளே வந்துவிட்டது. ஆனால் நான்கு இருக்கை இருந்தாலும் உங்களுடன் ஒருவர் மட்டுமே வரலாம், வீட்டில் யார் முதலில் என்ற பஞ்சாயத்தை நீங்கள்தான் தீர்க்க வேண்டும். பள்ளியில் கேட்க வேண்டியது: புதிய விதிப்படி உங்கள் விமானத்தில் ஸ்போர்ட் மாணவரைச் சேர்ப்பீர்களா, உங்கள் காப்பீடு அதற்கு ஒத்துக்கொள்கிறதா?

பயிற்சியில் சின்னச் சின்ன விஷயங்களுக்கு அவசரப்படாதீர்கள். ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் உள்ள விமானம் என்றால், எண்ணெய் அளவு பார்க்கும் முன் இக்னிஷன் சுவிட்ச் இரண்டும் ஆஃப் என்று உறுதி செய்துவிட்டு, புரொப்பெல்லரை அது சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எண்ணெய்த் தொட்டியில் குளுக் குளுக்கென்று சத்தம் வரும் வரை சுற்றினால்தான் எஞ்சினுக்குள் தங்கிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பியிருக்கும், அதன் பிறகு குச்சியில் தெரிவதே சரியான அளவு. அதற்கு முன் பார்த்துவிட்டுக் குறைகிறதே என்று ஊற்றினால் அதிகமாகிவிடும்.

எடை குறைந்த விமானம் காற்றுக்கு உடனே ஆடும், எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் குறைத்ததும் வேகம் சட்டென்று விழும். இறங்கும்போது இது தெரியும். எனக்குக் கேட்டால் இந்தப் பயிற்சியின் உண்மையான மதிப்பே இதில்தான் இருக்கிறது, காலும் கையும் தூங்க விடாது. குறிப்பாக ஓடுபாதைக்குக் குறுக்கே வரும் கட்டத்திலிருந்து (பேஸ்) அதை நோக்கி நேராக இறங்கும் கட்டத்துக்கு (ஃபைனல்) திரும்பும் இடம். ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டால் வாலில் உள்ள சுக்கானை (ரட்டர்) மிதித்து மூக்கை இழுத்துவிடலாம் என்று தோன்றும், மூக்கு கீழே போகும், உடனே ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கத் தோன்றும். உள்பக்க இறக்கை முதலில் ஸ்டாலாகி விமானம் சுழல ஆரம்பித்தால் அந்த உயரத்தில் மீட்க இடமே கிடையாது. இதை இன்ஸ்ட்ரக்டரை வைத்துக்கொண்டு நல்ல உயரத்தில் செய்து பாருங்கள், அப்புறம் கீழே வரும்போது கோடு தாண்டினால் யோசிக்காமல் த்ராட்டிலைக் கொடுத்து இன்னொரு சுற்று வாருங்கள். அதற்காக உங்களை யாரும் கேலி செய்யப் போவதில்லை.

தனியாகச் செய்ய வேண்டிய நெடும்பயணம் மொத்தம் 75 கடல்மைல், குறைந்தது இரண்டு இடத்தில் இறங்கி முழுவதும் நிறுத்த வேண்டும், ஒரு கட்டமாவது நேர்கோட்டில் 25 கடல்மைல் இருக்க வேண்டும். கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள நிலையத்தில் நீங்கள் பழகவில்லை என்றால், அதற்கான பயிற்சியையும் இன்ஸ்ட்ரக்டரின் கையொப்பத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் லைசென்ஸ் வந்த பிறகும் பக்கத்தில் இருக்கும் பெரிய நிலையத்துக்குப் போக முடியாது. இரவில் பறக்க ஆசை வந்தால் தனிப் பயிற்சி வேண்டும், அத்துடன் ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது, பேசிக்மெட் என்ற எளிய மருத்துவத் தகுதி முறை அல்லது எஃப்ஏஏ மருத்துவச் சான்றிதழ் வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு யாரையும் ஏற்றக் கூடாது. உடன் வருபவர் எரிபொருள், வாடகைச் செலவில் பாதியைப் பகிர்ந்துகொள்ளலாம், அவ்வளவுதான். பின்னால் பிரைவேட்டுக்கு மாற நினைத்தால் இங்கே பறந்த மணிகள் கணக்கில் சேரும், ஸ்போர்ட் இன்ஸ்ட்ரக்டரிடம் கற்றதும் 2018 விதி மாற்றத்துக்குப் பிறகு சேர்கிறது. அதனால் பறந்த மணிகளைக் குறிக்கும் பதிவேட்டை ஒவ்வொரு முறையும் விமானம் விட்டு இறங்கிய கையோடு எழுதி, இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்தை அங்கேயே வாங்கிவிடுங்கள். கடைசியில் பறந்து காட்டும் தேர்வை நடத்தும் தேர்வாளர்கள் கிடைப்பது பல இடங்களில் சிரமம், தனியாக நெடும்பயணம் போகும் கட்டத்திலேயே தேதி கேட்டு வைத்துவிடுவது நல்லது.