வீட்டுப் பொருள்களில் தாள ஒலிகள் உருவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். முதலில் கூர்மையாக ஒரு தாக்கு வரும். பிறகு அதிலிருந்து விரிந்து மெல்லத் தேயும் கார்வை வரும். தாக்கு சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் அடிபட்டது கண்ணாடியா, மரமா, தகரமா என்பதை அடையாளம் காணக் காதுக்கு அந்தக் கணமும் உதவுகிறது. சுருதியும் கனமும் கார்வையிலிருந்து கிடைக்கின்றன. வீட்டில் இருக்கும் பெட்டி, மூடி, சாவிக்கொத்து போன்றவற்றைத் தட்டிப் பதிவு செய்து, அவற்றைக் கொண்டே பாடல்களுக்குத் தாளம் அமைக்கும் வேலையில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைக் கெடுப்பவை. அவற்றிலும் பல, கணினியைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுபவை.

பிடியில் அடங்கிப்போகும் ஒலி

எந்தப் பொருளைத் தட்டுவது என்று வீடு முழுக்கத் தேடுகிறவர்கள், அதை எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றி அவ்வளவு யோசிப்பதில்லை. உள்ளங்கையில் இறுகப் பிடித்த உலோக மூடி "டக்" என்று அடங்கிவிடும். அதே மூடியின் ஓரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டுத் தட்டினால் பல விநாடிகள் ஒலிக்கும். அதிரும் இடத்தைத் தொட்டால் அதிர்வு நின்றுவிடும். அதிராத இடத்தைத் தொட்டால் அதற்கு எந்தக் கேடும் வராது. ஒரே சீரான தடிமன் உள்ள பட்டை அல்லது கம்பி தன் அடிப்படைச் சுருதியில் அதிரும்போது, ஒவ்வொரு முனையிலிருந்தும் மொத்த நீளத்தில் 22.4 சதவீதத் தொலைவில் உள்ள இரண்டு இடங்கள் அசையாமல் நிற்கின்றன. 30 செ.மீ. நீளமுள்ள எஃகு அளவுகோல் என்றால் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஏறத்தாழ 6.7 செ.மீ. உள்ளே வரும். அந்த இரண்டு இடங்களிலும் ஸ்பாஞ்சுத் துண்டுகளை வைத்து, அளவுகோலை அவற்றின் மேல் கிடத்தி, நடுவில் தட்டுங்கள். பிறகு ஸ்பாஞ்சுகளை முனைகளுக்கு நகர்த்தித் தட்டுங்கள். முதல் முறை தெளிவாகப் பாடிய அளவுகோல் இரண்டாம் முறை சட்டென்று அடங்கிவிடும். மரிம்பா, சைலஃபோன் பட்டைகளைத் தாங்கும் கயிறு இந்த இடங்களை ஒட்டிச் செல்வதற்கும் இதுவே காரணம்.

எதைக் கொண்டு தட்டுகிறோம் என்பதும் இதே அளவு முக்கியமானது. கடினமான பொருள் மிகக் குறைந்த நேரமே தொட்டு விலகுவதால் உச்ச அதிர்வெண்களையும் கிளப்பிவிடுகிறது; துணி சுற்றிய குச்சி சற்று அதிக நேரம் ஒட்டியிருப்பதால் உச்சம் எழாமல், அடி ஒலி மட்டும் மேலோங்குகிறது. ஒலி கூசுகிறது என்று பிறகு ஈக்யூவில் (அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவியில்) உச்சத்தை வெட்டுவதைவிட, பென்சிலின் முனையில் ரப்பர் வளையங்களைச் சுற்றிக்கொண்டு மறுபடி தட்டுவது நல்லது. ஈக்யூ கார்வையையும் தாக்கையும் ஒருசேர மழுக்கும். குச்சியை மாற்றினால் தாக்கின் தன்மையே மாறும்.

பொருளிடம் இல்லாததை எதிர்பார்ப்பதும் ஒரு தவறு. சிறிய அட்டைப்பெட்டியிலிருந்து 50, 60 ஹெர்ட்ஸ் அளவில் வலுவான கிக் ஒலி, அதாவது பெரிய டிரம்மின் தாழ்ந்த அடி, வராது. ஈக்யூவில் அந்தப் பகுதியை எவ்வளவு உயர்த்தினாலும், அங்கே இல்லாத ஒலி பெருகாது. அறையின் இரைச்சல்தான் பெருகும். பெட்டியின் ஒலியை ஓர் எண்மம் (ஆக்டேவ்) கீழே இறக்கலாம். அப்போது 120 ஹெர்ட்ஸில் இருந்தது 60 ஹெர்ட்ஸுக்கு வரும், நீளமும் இரட்டிப்பாகும். ஆனால் 44.1 கிலோஹெர்ட்ஸில் (விநாடிக்கு 44,100 முறை அளந்து) பதிவான ஒலியை இப்படி இறக்கினால் அதன் உச்சவரம்பும் 22இலிருந்து 11 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கி, ஒலி மூடிக்கொண்டதுபோல் ஆகும். இன்னொரு வழி, பெட்டியிலிருந்து தாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் அடியில் சின்தசைசரில் (மின்னணு முறையில் ஒலி உருவாக்கும் கருவியில்) உருவாக்கிய, ஒரே அதிர்வெண் கொண்ட தாழ்ந்த சைன் அலை ஒன்றைச் சேர்ப்பது. எனக்குப் பெரும்பாலும் இரண்டாவது வழிதான் கைகொடுத்திருக்கிறது.

அறையும் மைக்கும்

மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, கணினியின் காற்றாடி ஆகியவை பழகிய காதுக்குக் கேட்காமல் போய்விடுகின்றன, ஆனால் மைக்குக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது. ஓர் அடியில் மெல்லிய இரைச்சல் இருந்தால் பெரிய குறையாகத் தோன்றாது. அதே பதிவை ஒரு பாடலில் நூற்றுக்கணக்கான முறை ஒலிக்கவிடும்போது, ஒவ்வோர் அடியோடும் இரைச்சல் எழுந்து அறுந்து, தாளத்தோடு சேர்ந்து மூச்சு வாங்குவதுபோல் கேட்கத் தொடங்கும். ஆகவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எதையும் தட்டாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் ஒலியைக் கூட்டிக் கேட்டுவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

மேசையின் மேல் பொருளை வைத்து, பக்கத்திலேயே மைக்கை நிறுத்துவது பலருக்கும் இயல்பாக வரும் வழக்கம். அப்போது மைக்குக்கு ஒலி இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது: நேராக ஒன்று, மேசைப் பரப்பில் பட்டுத் திரும்பி மற்றொன்று. இரண்டு பாதைகளுக்கும் 17 செ.மீ. வேறுபாடு இருந்தால், திரும்பி வரும் ஒலி அரை மில்லி விநாடி பிந்துகிறது. அதனால் 1000 ஹெர்ட்ஸ் அளவிலும், அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்களிலும் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தகரக் குழாய்க்குள்ளிருந்து கேட்பதுபோன்ற அந்தப் பொள்ளல் தன்மையை எந்த ஈக்யூவாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. மேசையில் கனத்த போர்வையை மடித்துப் போடுவதும், பொருளைத் தொங்கவிட்டுத் தட்டுவதும், மைக்கை மேசை விளிம்புக்கு வெளியே நிறுத்துவதும் எளிய தீர்வுகள். இரண்டு மைக்குகளை வெவ்வேறு தூரத்தில் வைத்து இரண்டையும் கலப்பவர்களுக்கும் இதே அழிவு நேரும். ஒரே மைக்கில் நன்றாகப் பதிவு செய்யப் பழகும்வரை இரண்டாவது மைக்கைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

கைபேசியில் பதிவு செய்வதில் தவறில்லை. அதில் உள்ள குரல் பதிவுச் செயலிகளை அப்படியே பயன்படுத்துவதில்தான் சிக்கல் இருக்கிறது. பேச்சுக்காக அமைந்தவை என்பதால் அவற்றில் பல, ஒலியளவைத் தாமாகவே ஏற்றி இறக்குகின்றன; பேச்சு அல்லாதவற்றை இரைச்சல் என்று கருதிக் குறைக்கின்றன. தாக்கு வந்ததும் அளவைத் தாழ்த்தி, கார்வை தேயும்போது உயர்த்தினால், எஞ்சுவது நாம் தட்டிய பொருளின் ஒலியாக இருக்காது. இந்தத் தானியங்கி வசதிகளை அணைத்துவிட்டு, சுருக்கப்படாத வேவ் கோப்பாகச் சேமிக்க உதவும் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒலியளவை முள் சிவப்பைத் தொடும் அளவுக்கு ஏற்றுவதும் தேவையற்றது. தாள ஒலியின் உச்சம் மிகக் குறுகியது என்பதால், அளவுகாட்டி அடக்கமாகத் தெரியும்போதே தாக்கின் நுனி வெட்டுப்பட்டிருக்கலாம். மிகப் பலமான அடியில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கும்படி கெயினை (மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அமைப்பை) வைத்துக்கொள்ளுங்கள். 24 பிட் பதிவில், மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலமான ஒலிக்கும் இடையே கோட்பாட்டளவில் 144 டெசிபெல் இடைவெளி இருப்பதால், சற்றுத் தாழ்வாகப் பதிவு செய்வதால் எதுவும் இழக்கப்படுவதில்லை.

ஒரே ஓர் அடி

நன்றாக அமைந்த ஓர் அடியைத் தேர்ந்தெடுத்து, அதையே பாடல் முழுவதும் வைப்பவர்கள் உண்டு. மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி தட்டுவதில்லை என்பது காதுக்கு நன்றாகத் தெரியும். ஒரே பதிவு வேகமாகத் திரும்பத் திரும்ப வரும்போது இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல் கேட்பது அதனால்தான். மென்மை, நடுத்தரம், பலம் என மூன்று விசைகளில், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு அடிகள் பதிவு செய்து, சாம்ப்ளரில் (பதிவான ஒலிகளை இசைக்கும் கருவியில்) அவை மாறி மாறி வரும்படி அமைத்தால் இந்தக் குறை மறையும். பலமான அடியின் ஒலியளவைக் குறைத்து மென்மையான அடியாகப் பயன்படுத்த முடியாது. மென்மையாகத் தட்டும்போது உச்ச அதிர்வெண்கள் குறைவாகவே எழுவதால், அதன் நிறமே வேறாக இருக்கும். அதே காரணத்துக்காக, பதிவான அடிகள் அனைத்தையும் ஒரே உச்ச அளவுக்கு ஏற்றிவிடுவதும் கூடாது.

வெட்டும் இடம்

கோப்பின் தொடக்கத்தில் மௌனம் மிச்சமிருந்தால் ஒவ்வோர் அடியும் பிந்தி விழும். அதைத் தவிர்க்கத் தாக்கை ஒட்டி வெட்டும்போது, அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்ட வேண்டும். இல்லையெனில் "டிக்" என்று ஒரு சொடக்கு கேட்கும். அரை மில்லி விநாடி ஃபேட் (ஒலி படிப்படியாக எழும்படி செய்வது) போட்டாலும் அந்தச் சொடக்கு போய்விடும், ஆனால் ஃபேட் நீண்டுவிட்டால் தாக்கின் கூர்மையும் அதோடு போய்விடும். முடிவில் அவசரம் கூடாது. கார்வை முழுவதும் தேய்ந்து, இரைச்சல் மட்டும் எஞ்சும் இடம் எது என்று காதால் கேட்டு முடிவு செய்து, அதற்குச் சற்று முன்பிருந்து படிப்படியாக அடக்க வேண்டும்.

ஆனால் தாக்கை ஒட்டி வெட்டுவது என்ற இந்த விதி எல்லா ஒலிகளுக்கும் பொருந்தாது என்பதை ஒரு ஷேக்கர், அதாவது குலுக்கி ஒலி எழுப்பும் டப்பா, எனக்குக் கற்றுத்தந்தது. மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் கால் பங்கு அளவுக்கு உலர்ந்த பயறு போட்டுக் குலுக்கிப் பதிவு செய்திருந்தேன். ஒலி கேட்கத் தொடங்கும் இடத்தில் சரியாக வெட்டி, நிமிடத்துக்கு 120 அடி என்ற வேகத்தில் அமைந்த பாடலில், ஓர் அடிக்கு நான்கு வீதம் வரும் பதினாறில் ஒரு பங்குக் கட்டங்களில் அடுக்கினேன். பாடல் இழுத்துக்கொண்டே போனது. வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன், கிக்கை நகர்த்திப் பார்த்தேன், பயனில்லை. கடைசியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. டப்பா நகரத் தொடங்கியதும் மணிகள் சுவரை உரசிக்கொண்டு கிளம்புகின்றன. அந்த உரசல் மெல்ல எழுந்து, மணிகள் எதிர்ச்சுவரில் ஒன்றாக மோதும் இடத்தில்தான் உச்சத்தை அடைகிறது. என் பதிவில் அந்த உச்சம் கோப்பின் தொடக்கத்திலிருந்து 40 மில்லி விநாடி தள்ளி இருந்தது. அந்த வேகத்தில் ஒரு கட்டத்தின் நீளமே 125 மில்லி விநாடிதான் என்பதால், ஷேக்கர் ஏறத்தாழ மூன்றில் ஒரு கட்டம் பிந்தி வந்துகொண்டிருந்தது. உடனே முன்னால் இருந்த உரசலை வெட்டி எறிந்து, உச்சத்தைக் கட்டத்தின் மேல் வைத்தேன். தாளம் சரியானது, ஆனால் ஷேக்கர், விரலால் டப்பாவைத் தட்டுவதுபோல் ஆகிவிட்டது. உரசலை அப்படியே வைத்துக்கொண்டு, டிராக் முழுவதையும் 40 மில்லி விநாடி முன்னால் நகர்த்துவதுதான் சரியான வழி. சாவிக்கொத்து, காகிதத்தைக் கசக்குதல், துடைப்பக் குச்சியால் வருடுதல் என்று மெல்ல எழும் எல்லா ஒலிகளுக்கும் இது பொருந்தும்.

அடுக்குவதும் மெருகேற்றுவதும்

இரண்டு ஒலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதும் ஒலி கனப்பதற்குப் பதிலாக மெலிந்துவிட்டால், இரண்டு அலைகளும் எதிரெதிர்த் திசையில் அசைகின்றன என்று பொருள். ஒன்றின் துருவத்தைத் திருப்பி, அதாவது அலையைத் தலைகீழாக்கி, பார்க்க வேண்டும். அல்லது சில சாம்பிள்கள் (பதிவின் மிகச் சிறிய அளவீட்டுப் புள்ளிகள்) முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் மூன்றாவது, நான்காவது அடுக்கைச் சேர்ப்பவர்கள் குழப்பத்தைத்தான் கூட்டிக்கொள்கிறார்கள்.

சுருதியைக் கவனிக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. கண்ணாடி, உலோகம், பீங்கான் ஆகியவற்றுக்குத் தெளிவான சுருதி உண்டு. பாடலின் சுருதியோடு அது மோதினால், கேட்பவருக்குக் காரணம் புரியாமலேயே ஏதோ உறுத்தும். சாம்ப்ளரில் சுருதியை மாற்றலாம், ஆனால் டம்ளரைப் பொறுத்தவரை தண்ணீர் ஊற்றினாலே போதும். தண்ணீர் கூடக் கூட, தட்டும்போது எழும் சுருதி தாழும்.

பலமான ஒலியை அமுக்கும் கம்ப்ரஸரின் அட்டாக் நேரத்தை, அதாவது அது அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரத்தை, 1 மில்லி விநாடி அளவில் வைத்தால், அது முதலில் நசுக்குவது தாக்கைத்தான். 20 அல்லது 30 மில்லி விநாடியாக்கினால் தாக்கு தப்பித்து வெளியே வந்துவிடும், கார்வை மட்டும் கட்டுப்படும். ரிவெர்பை (அறையில் ஒலி எதிரொலித்துத் தேய்வதுபோன்ற விளைவை) தனித்தனிக் கோப்புகளிலேயே பதித்துவிடக் கூடாது. பாடலுக்கு ஏற்ப அதை மாற்றும் வாய்ப்பு பிறகு இருக்காது.

விலை உயர்ந்த கருவியும் பெரிய எண்களும் இருந்தால்தான் நல்ல ஒலி வரும் என்று தயங்குபவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். பதிவு செய்த உண்மையான டிரம் ஒலிகளைக் கொண்டு 1980இல் ரோஜர் லின் வெளியிட்ட எல்எம்-1 இயந்திரம், 8 பிட், 28 கிலோஹெர்ட்ஸ் என்ற எல்லைக்குள்தான் இயங்கியது. இன்று கையில் இருக்கும் கைபேசியே அந்த எல்லையைத் தாண்டிப் பதிவு செய்யும். எனினும் அந்த ஒலிகள் எண்பதுகளின் எத்தனையோ பாடல்களைத் தாங்கி நின்றன.

இறுதியாக, சேமிக்கும் விதம். எம்பி3 போன்ற சுருக்கப்பட்ட வடிவங்கள், தாக்கின் இரைச்சலை அது வருவதற்குச் சற்று முன்பிருந்தே கசியவிடுவதால், கூர்மையான ஒலிகள் அவற்றில் எளிதில் மழுங்குகின்றன; தாள ஒலிகளை வேவ் கோப்பாக மட்டுமே வைத்திருக்க வேண்டும். வெட்டுவது, ஏற்றுவது, மெருகேற்றுவது அனைத்தையும் நகலில் செய்துவிட்டு, பொருளின் பெயர், தட்டிய கருவி, விசை ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலேயே குறித்து, மூலப் பதிவைத் தொடாமல் தனியாகப் பாதுகாக்க வேண்டும். அந்த ஷேக்கரில் நான் வெட்டி எறிந்த 40 மில்லி விநாடி உரசலை மீட்டு எடுத்தது அப்படி ஒதுக்கி வைத்திருந்த மூலக் கோப்பிலிருந்துதான்.