ப்ளூஸ் தொண்டையை லவுஞ்ச் ஜாஸுக்குப் பழக்குவது

ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூரு பாண்டு ஒன்றில் ஒன்பது வருடம் ப்ளூஸ் பாடினேன். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த, உணர்ச்சியைக் கொட்டிப் பாடும் இசை. என் தாத்தா பாலக்கோடு பக்கம் தெருக்கூத்தில் வேஷம் கட்டியவர். மைக் இல்லாமல் விடிய விடியப் பாடிய தொண்டை. எனக்கும் அதே தொண்டைதான். முதல்முறை ஒரு ஹோட்டலில் லவுஞ்ச் ஜாஸ் (மேசைகளில் இருப்பவர்களுக்கு இதமாக, மெல்லப் பாடும் ஜாஸ்) பாடியபோது முன்மேசைக்காரர்கள் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை இவை.

முதலில் மைக். ப்ளூஸில் உச்சத்துக்குப் போகும்போது அதைத் தள்ளிப் பிடிப்போம். இங்கே உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரம் போதும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் அளவுக்குக் குரல் விடுங்கள். கிட்டே போனால் மேடை மைக்கே அடிக்குரலைக் கனமாக்கிவிடும், நீங்கள் அழுத்த வேண்டாம். ஆனால் மூச்சைக் குறைக்காதீர்கள். மெல்லப் பாடும்போதுதான் குரல் ஆடும், அடிவயிற்று மூச்சு தேவைப்படும். விடியற்காலையில் மொட்டைமாடியில் ஒரே ஸ்வரத்தை 20 எண்ணும்வரை மெல்லிசாகப் பிடித்து நிற்பேன்.

அப்புறம் ஸ்வரம். என்னை அதிகம் படுத்தியது இதுதான். 12 பார் ப்ளூஸ், அதாவது 12 தாள வட்டம் கொண்ட ப்ளூஸ் அமைப்பு, பெரும்பாலும் மூன்று கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களில்) சுற்றும். சி-யை ஸட்ஜமாக வைத்தால்: சி செவன்த், எஃப் செவன்த், ஜி செவன்த். சி செவன்த்தில் இருப்பது கைசிகி நிஷாதம், அதாவது தாழ்ந்த நி. ஜாஸிலோ டி மைனர் செவன்த், ஜி செவன்த் வழியாக வந்து சி மேஜர் செவன்த்தில் அமரும். அதில் இருப்பது காகலி நிஷாதம், அதாவது உயர்ந்த நி. பழக்கத்தில் கைசிகியை இழுத்தால் பியானோவோடு உரசும். கீபோர்டில் அந்தக் கடைசிக் கார்டைப் பிடித்துக்கொண்டு காகலியில் மட்டும் நின்று பழகுங்கள். எனக்கு இரண்டு மாதம் ஆனது.

தாளத்தில் ஒன்றே ஒன்று: டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு மெல்லத் தட்டும் பிரஷ் எடுத்தால் சொல்லை ஒரு நூலளவு தாமதமாகப் போடுங்கள்.

ப்ளூஸ் பாடகி எட்டா ஜேம்ஸ் 1994-இல் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் பாடல்களை ஒரு ஆல்பமாகப் பாடினார். ஜாஸ் குரலுக்கான கிராமி கிடைத்தது. அத்தனை அடக்கத்திலும் ப்ளூஸ் கேட்கும். அதனால் சாதாரண காந்தாரத்துக்கும் (தாழ்ந்த க) அந்தர காந்தாரத்துக்கும் (உயர்ந்த க) நடுவே வரும் அந்த ப்ளூஸ் இழுப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாட்டுக்கு ஒருமுறை போதும். நான் கடைசி வரிக்கு முந்தைய வரியில் வைத்திருக்கிறேன். அங்கே தாத்தா குரல் எட்டிப் பார்க்கும்.