மனைவிக்குக் கீமோ நடக்கும்போது, கூட இருப்பவர் செய்து வைத்துக்கொள்ள வேண்டியவை

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்தபோது நாங்கள் திருச்சியில் இருந்தோம். சிகிச்சை சென்னையில். 21 நாளுக்கு ஒன்று என எட்டு கீமோ, அப்புறம் ஆபரேஷன், ரேடியேஷன். இப்போது நன்றாக இருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்பதெல்லாம் இந்தப் பதிவில் இல்லை. கூட இருக்கும் ஆள் விழுந்துவிடாமல் இருப்பது எப்படி என்பதை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: ஒரு நோட்டு வாங்குங்கள்

மொபைல் ஆப் எதுவும் வேண்டாம். 200 பக்க லாங் சைஸ் நோட்டுதான் நல்லது. இடப்பக்கம் அன்றைய காய்ச்சல், சாப்பாடு, வாந்தி, மாத்திரை. வலப்பக்கம் டாக்டரிடம் கேட்க வேண்டியவை. போனில் எழுதினால் அது உங்களோடே போய்விடும். நோட்டு வீட்டில் இருந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் வேறு யாரும் எழுதலாம்.

படி 2: பணமும் பயணமும்

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டையோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. கூடப் போகிறவருக்கு 75 சதவீதம். அதற்கான சான்றிதழை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்கு யாரும் தானாகச் சொல்லவில்லை. முதல் இரண்டு முறை முழுக் கட்டணம் கொடுத்துத்தான் போனோம்.

படி 3: 100.4 என்ற எண்

கீமோ முடிந்த 7 முதல் 14 நாளுக்குள்தான் பொதுவாக, தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அந்த நாட்களில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால் இரவு இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள். டாக்டரைக் கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். சூடு இறங்கிவிடும், உள்ளே தொற்று அப்படியே இருக்கும். வெளியூரில் சிகிச்சை என்றால் அவசரத்துக்கு உள்ளூரில் எங்கே போவது என்று முதல் கீமோ அன்றே கேட்டு, நோட்டின் அட்டையில் எழுதிவிடுங்கள்.

படி 4: 'பரவாயில்லை' என்று சொல்வதை நிறுத்துங்கள்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். யார் வந்து கேட்டாலும் "பரவாயில்லை, நான் பார்த்துக்கறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கீமோ முடிந்த வாரம் ஒருநாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் வாடை. அவள்தான் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்தாள். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னை யாருங்க பார்ப்பா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அன்று மாலை நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொன்னவர்கள் பெயரையெல்லாம் எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வேலை, கிழமையும் நேரமும் போட்டு. 'கொஞ்சம் உதவி வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "அக்கா, வியாழக்கிழமை நாலு மணிக்குப் பையனை டியூஷனில் விட முடியுமா?" என்று கேட்டால் உடனே சரி என்பார்கள். மாடி வீட்டம்மா திங்களும் வியாழனும் காரமில்லாத ரசம் சாதம் குழைவாகக் கொடுத்தனுப்பினார். வாய்ப்புண்ணோடு அவளால் அதைத்தான் விழுங்க முடிந்தது. செவ்வாய் மத்தியானம் மனைவியின் தங்கை வந்து உட்காருவாள், நான் மூன்று மணி நேரம் தூங்குவேன். அந்தத் தூக்கத்தை வேறு எந்த வேலைக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

'எங்க ஒன்றுவிட்ட அத்தைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது' என்று கதை சொல்பவர்களுக்கு வெளிவேலை கொடுங்கள். மருந்துக் கடைக்கு அனுப்பலாம்.

படி 5: பேச ஒரு ஆள்

வீட்டில் அழ முடியாது. நண்பர்களிடம் எவ்வளவுதான் சொல்வது? மத்திய அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி சேவையான டெலி மானஸின் எண் 14416. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். நோயாளிக்குத்தானே இதெல்லாம் என்று நினைத்துத்தான் நான் தள்ளிப்போட்டேன். கூட இருப்பவரும் பேசலாம்.

பிறகு சேர்த்தது: "யாருக்கும் சொல்லக் கூடாது என்கிறாள், அப்புறம் எப்படி உதவி கேட்பது?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். என் மனைவியும் முதலில் அப்படித்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியாமல் நான் யாரிடமும் சொல்லவில்லை. "மூன்று பேருக்கு மட்டும் சொல்லலாம், யார் யாருக்கு என்று நீயே சொல்" என்று கேட்டேன். ஒரு நாள் முழுக்க யோசித்தாள். தன் தங்கை, மாடி வீட்டம்மா, கூடப் படித்த ஒரு தோழி என்றாள். அந்தத் தோழியோடு பத்து வருடமாகப் பேச்சே இல்லை. நாலாவது கீமோவுக்கு ரயிலில் எங்களோடு வந்தது அவர்தான்.