நீங்கள் பகிர்ந்த ஆய்வுத் தரவை யார் பயன்படுத்தினார்கள்? தேடிக் கண்டுபிடிக்கும் முறை

முடசல் ஓடையில் கரைக்கு வரும் நண்டுகளின் ஓட்டு அகலத்தையும் எடையையும் ஒரு வருடம் குறித்து வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிப்பவர்களுக்குப் பழக்கமான வேலைதான். ஆய்வேடு முடிந்ததும் அந்த அட்டவணை பெரும்பாலும் மடிக்கணினியோடு முடங்கிவிடும். நீங்கள் அதைப் பொதுவில் பகிர்ந்துவிட்டீர்கள். சரி, அதனால் யாருக்கு என்ன பயன் கிடைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் படி: டிஓஐ எண் வாங்குங்கள்

டிஓஐ (DOI) என்பது இணையத்தில் உள்ள ஒரு தரவையோ கட்டுரையையோ அடையாளம் காட்டும் நிரந்தர எண். வெறும் கூகுள் டிரைவ் இணைப்பைக் கொடுத்திருந்தால் எதையும் பின்தொடர முடியாது. ஜெனோடோ, ஃபிக்‌ஷேர், டிரையட் போன்ற ஒரு களஞ்சியத்தில் கோப்பை ஏற்றுங்கள். ஜெனோடோவை ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்துகிறது, இலவசம். ஏற்றியதும் உங்கள் தரவுக்கென ஒரு நிரந்தர டிஓஐ எண் கிடைக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஜெனோடோ இரண்டு எண்கள் தரும்: ஒன்று அந்தக் குறிப்பிட்ட பதிப்புக்கு, மற்றது எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக. பின்னால் தேடும்போது இரண்டையும் தேட வேண்டும். கோப்போடு ஒரு விளக்கக் குறிப்பும் வையுங்கள். அளந்த கருவி, அலகு, இடம், மாதம், அப்புறம் "இதைப் பயன்படுத்தினால் இப்படி மேற்கோள் காட்டுங்கள்" என்று ஒரு முழு வரி. அந்த வரி தயாராக இருந்தால் அப்படியே எடுத்துப் போடுவார்கள்.

இரண்டாம் படி: பார்வை, பதிவிறக்கம்

களஞ்சியப் பக்கத்திலேயே இந்த எண்ணிக்கைகள் தெரியும். ஒரே ஆள் ஒரு மணி நேரத்துக்குள் பல முறை இறக்கினாலும் ஜெனோடோ அதை ஒரு தனிப் பதிவிறக்கமாகத்தான் கணக்கிடும். பதிவிறக்கம் ஆர்வத்தைக் காட்டும், அவ்வளவுதான். இறக்கியவர் கோப்பைத் திறந்தாரா என்பதுகூட அதில் தெரியாது.

மூன்றாம் படி: மேற்கோள்களைத் தேடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். முதலில் டேட்டாசைட் காமன்ஸ் தளத்தில் உங்கள் டிஓஐ எண்ணைப் போடுங்கள். தரவுகளுக்கு டிஓஐ வழங்கும் டேட்டாசைட் அமைப்பு 2009-இல் தொடங்கியது. பதிவான மேற்கோள்களை அங்கே பார்க்கலாம். அதில் சுழியம் என்று வந்தால் மனம் தளராதீர்கள். பலர் தரவைக் கட்டுரையின் நடுவே, "தரவு கிடைக்குமிடம்" என்ற பகுதியில் மட்டும் குறிப்பிட்டுவிட்டு, மேற்கோள் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவை தானியங்கிக் கணக்கில் தப்பிவிடும்.

அதனால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலருக்குப் போங்கள். டிஓஐ எண்ணை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடுங்கள். அடுத்து தரவின் தலைப்பை அதேபோல் தேடுங்கள். கடைசியாக உங்கள் பெயரோடு "முடசல் ஓடை" என்பதை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதுவார்களோ அப்படியெல்லாம் சேர்த்துத் தேடுங்கள்.

பழகிப் பார்க்க நம் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. மத்திய மேற்குத் தொடர்ச்சி மலையில் 96 இடங்களின் மரங்களைப் பற்றிய தரவுக் கட்டுரை ஒன்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் சேர்ந்து 2010-இல் 'இகாலஜி' இதழில் வெளியிட்டார்கள். அதை ஸ்காலரில் கண்டுபிடித்து, கீழே உள்ள 'சைட்டட் பை' (இதை மேற்கோள் காட்டியவை) இணைப்பை அழுத்துங்கள். வரும் கட்டுரைகளில் இரண்டைத் திறந்து, இந்தத் தரவு எந்தப் பத்தியில், எதற்காக வருகிறது என்று பாருங்கள். இதைச் செய்தாலே பாதி வேலை பிடிபட்டுவிடும்.

நான்காம் படி: இணையக் கவனம்

ஆய்வுகள் இணையத்தில் எங்கே பேசப்படுகின்றன என்று கணக்கெடுக்கும் ஆல்ட்மெட்ரிக் நிறுவனம் ஒரு இலவசப் புக்மார்க்லெட் (உலாவியின் புக்மார்க் பட்டியில் வைக்கும் சிறு பொத்தான்) தருகிறது. அதை உலாவியில் சேர்த்து, டிஓஐ உள்ள பக்கத்தில் அழுத்தினால், செய்தி, வலைப்பதிவு, விக்கிப்பீடியா, சமூக ஊடகம் என எங்கெல்லாம் பேசப்பட்டது என்று வண்ண வளையமாகக் காட்டும். நடுவில் இருக்கும் எண் வெறும் கூட்டல் அல்ல. செய்திக்கு 8, வலைப்பதிவுக்கு 5 என்று எடை போட்டு வருவது. அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வளையத்தை அழுத்தி உள்ளே போய், பேசியவர் யார் என்று படியுங்கள். மீன்வளக் கொள்கை ஆவணம் ஒன்றில் உங்கள் தரவு வந்திருந்தால், நூறு பகிர்வுகளைவிட அதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

ஐந்தாம் படி: பிரித்து எழுதுங்கள்

ஒரு விரிதாளில் கிடைத்த ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்துங்கள். தரவை எடுத்து மறுபடி கணக்கிட்டவர்கள் தனியாக, பெயரளவில் குறிப்பிட்டவர்கள் தனியாக, உங்கள் சொந்தக் கட்டுரைகள் தனியாக. இந்த மூன்றையும் ஒரே எண்ணாகக் கூட்டிக் காட்டுவது நேர்மையில்லை என்பது என் கருத்து. மேற்கோளையும் இணையக் கவனத்தையும் கூட்டவே கூடாது. இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

நெறியாளருக்கோ நிதி தருபவர்களுக்கோ எழுதும்போது, எடுத்த தேதியைப் போட்டு, எந்தத் தளத்தில் எடுத்தீர்கள் என்றும் சொல்லுங்கள். தளத்துக்குத் தளம் எண்ணிக்கை மாறும். கூடவே, மறுபடி கணக்கிட்டவர்களில் ஒருவர் உங்கள் நண்டு அளவுகளை வைத்து என்ன கண்டுபிடித்தார் என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். அவருக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். அட்டவணையில் எந்தப் பகுதி புரியவில்லை என்று கேட்டால், அடுத்த பதிப்பில் சரிசெய்ய வேண்டியது தெரிந்துவிடும்.