டிசம்பர் கூட்டத்தில் ஓய்வுக்கால வீடு தேடும்போது: டர்பன் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென் ஆப்பிரிக்காவில் கோடை என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. டர்பனில் வீடு மாற்றலாமா என்ற பேச்சு சூடு பிடிப்பதும் அப்போதுதான். பள்ளிகள் மூடியிருக்கும். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்தும் கேப் டவுனிலிருந்தும் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு வந்திறங்கியிருப்பார்கள். "அம்மா, இவ்வளவு பெரிய வீட்டை இன்னும் எத்தனை நாள் பெருக்கிக்கிட்டு இருப்பீங்க?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பண்டிகை முடிவதற்குள் நாலைந்து வீடு பார்த்து, ஒன்றில் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள்.

இதில் நடக்கும் தவறுகளில் பலவற்றுக்கு வேர் ஒன்றுதான். வீடு நிறைய ஆள் இருக்கும் மூன்று வாரத்தை மனதில் வைத்து, இரண்டு பேர் மட்டும் இருக்கப்போகும் மற்ற வாரங்களுக்கான வீட்டை முடிவு செய்கிறார்கள்.

விருந்தாளிக் கணக்கில் அறை எடுப்பது

எல்லாரும் வந்தால் படுக்க இடம் வேண்டும் என்று நாலு படுக்கையறை வீட்டைத் தேடுவது முதல் தவறு. அந்த இரண்டு கூடுதல் அறைக்கும் வருடம் முழுக்க ரேட்ஸ் (மாநகராட்சிச் சொத்து வரி), காப்பீடு, பெயிண்ட், சுத்தம் செய்யும் கூலி என்று செலவு ஓடும். இரண்டு அறையும், மெத்தை போட்டுப் படுக்கிற அளவுக்கு ஒரு மூடிய வராந்தாவும் பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதும். மீதிப் பேருக்குப் பக்கத்தில் பத்து நாள் ஹாலிடே ஃப்ளாட் எடுத்தாலும், ஒரு வருடக் கணக்கில் அதுவே மலிவு. சமையலறையை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். பெரிய பானையில் பிரியாணி வைக்கும் வீட்டுக்கு ஒற்றை ஆள் நிற்கும் சமையலறை ஒருநாளும் ஒத்துவராது.

தண்ணீர்க் கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். குழாயில் தண்ணீர் நின்றுபோனால், ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்ற கணக்கில் 2,500 லிட்டர் ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இரண்டு பேருக்குப் பன்னிரண்டு நாள் தாங்கும். பன்னிரண்டு பேர் இருந்தால் இரண்டே நாள். நிறைந்த டேங்கின் எடை இரண்டரை டன். அதனால் அடியில் சமமான கான்கிரீட் தளம் வேண்டும். செங்கல்லை அடுக்கி அதன்மேல் வைத்திருந்தால் அதை மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள். 150 லிட்டர், 3 கிலோவாட் கீசர் ஒருமுறை காலியானால் மறுபடி 60 டிகிரிக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விருந்தாளிகளுக்காக இரண்டாவது கீசர் வாங்குவதைவிடக் குளிக்கும் நேரத்தைப் பிரித்துக்கொள்வது நல்லது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 60 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியனெல்லா கிருமி வளரும், வயதானவர்களின் நுரையீரலைத்தான் அது முதலில் தாக்கும்.

வெயிலில் பார்த்து முடிவு செய்வது

டர்பனில் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை கொட்டும். ஆகவே கோடை வீடு பார்க்க நல்ல காலம்தான், மழை நாளில் போனால். பலரும் வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமை ஷோ டே (விற்கும் வீட்டைத் திறந்து காட்டும் நாள்) பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பலத்த மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை இன்னொரு முறை போங்கள். சுவரோடு ஒட்டிய அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற மேட்டுப்பகுதிகளில் வீட்டைவிட வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மண்ணணைச் சுவர் முக்கியம். அந்தச் சுவரில் தண்ணீர் வெளியேறத் துளைகள் இருக்கின்றனவா, அவை அடைபடாமல் இருக்கின்றனவா, சுவர் நடுவில் உப்பியிருக்கிறதா, கிடைமட்டமாக விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். துளை அடைபட்டால் பின்னால் ஊறிய மண்ணின் எடை முழுக்கச் சுவரைத் தள்ளும். மேல் வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பதையும் கண்ணால் பார்த்துவிடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நட்டாலில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி அந்த ஊருக்கு மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லை. வாங்கப்போகும் தெருவில் அந்த ஏப்ரலில் என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்து வீடுகளில் விசாரியுங்கள். ஏஜென்ட்டைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

பிள்ளைகளோடு இருக்கலாம் என்று கேப் டவுன் போகிறவர்கள் இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். அங்கே மழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. டிசம்பரில் காய்ந்து கிடக்கும் சுவர் ஜூலையில் ஒழுகும். ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சுத் தொல்லையோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசட்டும், பிறகு வீடு பார்க்கட்டும். எந்த ஊரானாலும் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்குவதே உத்தமம்.

படிகளைக் குறைத்து மதிப்பிடுவது

"பன்னிரண்டு படிதானே" என்று நினைக்கலாம். ஒரு படி சுமார் 17 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 2 மீட்டர் உயரம். சக்கர நாற்காலிச் சரிவு ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளம் ஓட வேண்டும். அப்படியென்றால் 24 மீட்டர். ரோட்டுக்குக் கீழே இருக்கும் மனையில் அதற்கு இடமே இருக்காது, பின்னால் சரிசெய்துகொள்ளவும் முடியாது. சாதாரண உள்கதவு 813 மில்லிமீட்டர் அகலம், அதில் நாற்காலி நுழைந்துவிடும். பழைய வீடுகளில் குளியலறைக் கதவு அதைவிடக் குறுகலாக இருக்கும், அளந்து பாருங்கள். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது நல்லது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது. கைப்பிடிக் கம்பியை டைலில் மட்டும் திருகாமல், செங்கல் வரை போகும் ஆங்கர் போல்ட் போட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.

பொழுதுபோக்கைக் கடைசியில் யோசிப்பது

வேலைக்குப் போகாத கணவனும் மனைவியும் பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போகிறார்கள். என்ன செய்து பொழுதைக் கழிப்பார்கள் என்பதை வைத்துத்தான் வீடு அமைய வேண்டும். கடற்கரையில் மீன் பிடிப்பவரின் 14 அடி ராடு இரண்டாகக் கழன்றாலும் ஒவ்வொரு துண்டும் 7 அடி இருக்கும். லிஃப்டிலும் வளைவான மாடிப்படியிலும் அதை ஏற்றி இறக்குவது தினசரி வேதனை. உப்புத் தண்ணீரில் நனைந்த ரீலைக் கழுவ வெளியே ஒரு குழாய் வேண்டும்.

தோட்டம் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். செக்‌ஷனல் டைட்டில் குடியிருப்பில் (உங்கள் வீடு மட்டும் உங்களுக்குச் சொந்தம், மற்ற இடம் எல்லாருக்கும் பொது) வாசலுக்கு முன் இருக்கும் புல்வெளி உங்களுடையது போலத் தெரிந்தாலும் பொது இடமாக இருக்கலாம். அது உங்கள் தனிப் பயன்பாட்டு இடமாக எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கறிவேப்பிலை, முருங்கை, டபுள் பீன்ஸ் பந்தல் எல்லாம் போட, குடியிருப்பை நிர்வகிக்கும் டிரஸ்டிகளின் அனுமதியைக் கடிதமாகவே வாங்குங்கள். வாய்மொழி அனுமதி அடுத்த வருடம் புது டிரஸ்டிகள் வந்ததும் காணாமல் போகும். ஆடி மாதக் கூழ்ப் பூசை, தீபாவளி வெடி, மிருதங்கப் பயிற்சி, நாய், விருந்தாளிகளின் கார் ஆகியவற்றுக்கு என்ன விதி என்பது நடத்தை விதிகளில் இருக்கும். கையெழுத்துக்கு முன்பே அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அதோடு கடைசி இரண்டு வருடக் கணக்கு, பொதுக்கூட்டக் குறிப்பு, பத்து வருடப் பராமரிப்புத் திட்டம் மூன்றையும் கேளுங்கள். 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஒவ்வொரு செக்‌ஷனல் டைட்டில் குடியிருப்புக்கும் தனி ரிசர்வ் ஃபண்ட் (பெரிய பராமரிப்பு வேலைகளுக்கான சேமிப்பு) இருக்க வேண்டும். அதில் பணம் இல்லை, கூரை பழசு என்றால் ஸ்பெஷல் லெவி, அதாவது வீட்டுக்காரர்களிடம் தனியாக வசூலிக்கும் கூடுதல் தொகை, வரும். பென்ஷனில் வாழ்பவர்களை உலுக்கும் செலவு அது.

டிசம்பரில் கையெழுத்து

ஆஃபர் டு பர்ச்சேஸ் (வீடு வாங்கக் கேட்டு எழுதும் பத்திரம்) இரண்டு தரப்பும் கையெழுத்திட்டதும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாகிவிடும். மனம் மாறத் தரும் ஐந்து நாள் அவகாசம் 2,50,000 ராண்டோ அதற்குக் குறைவாகவோ உள்ள வீட்டுக்குத்தான். "உங்கள் பழைய வீடு இந்தத் தேதிக்குள் விற்றால்" என்று நிபந்தனை போட்டிருந்தால், அந்தத் தேதி தாண்டியதும் ஒப்பந்தம் தானாகவே காலாவதியாகும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை கட்டடத் தொழில் மூடியிருக்கும். வக்கீல் அலுவலகங்கள் பலவற்றிலும் ஆள் குறைவு. ஒப்பந்த நிபந்தனைகளை முடிக்க எழுதும் 21 நாள் கெடுவுக்குள் அந்த நாட்கள் வந்தால் எலெக்ட்ரீஷியனும் கிடைக்கமாட்டார், பூச்சி பார்க்கிறவரும் கிடைக்கமாட்டார். கெடுவை ஜனவரி கடைசிக்குத் தள்ளி எழுதச் சொல்லுங்கள்.

குறைகளைச் சொல்லும் படிவத்தை விற்பவர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும் என்பது 2022 பிப்ரவரி 1 முதல் சட்டம். அது இல்லாமல் ஏஜென்ட் ஆஃபரை நீட்டினால் வாங்காதீர்கள். மின் சான்றிதழ் இரண்டு வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதற்குப் பின் ஏசியோ சோலாரோ சேர்த்திருந்தால் அந்தப் பகுதிக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். மரம் அரிக்கும் வண்டுகளுக்கான சான்றிதழ் இந்தக் கடலோரத்தில் வழக்கம்தான், ஆனாலும் ஒப்பந்தத்தில் எழுதினால்தான் கிடைக்கும். மாநகராட்சி ஒப்புதல் பெற்ற பிளானையும் கேளுங்கள். கராஜை அறையாக்கியதும் பின்னால் கட்டிய கிரானி ஃப்ளாட்டும் (தனிச் சிறு வீடு) அதில் இல்லாவிட்டால், பத்திரம் மாறும்போது யாரும் தடுக்கமாட்டார்கள். நாளைக்குக் காப்பீடு கேட்கும்போதோ வீட்டை விற்கும்போதோ அது உங்கள் தலையில் விழும்.

2025 ஏப்ரல் 1 முதல் வந்த அட்டவணைப்படி 12,10,000 ராண்ட் வரை டிரான்ஸ்ஃபர் டியூட்டி (வீடு வாங்குபவர் அரசுக்குக் கட்டும் வரி) இல்லை. 15,00,000 ராண்ட் வீட்டுக்கு, மேலே உள்ள 2,90,000-க்கு 3 சதவீதம், அதாவது 8,700 ராண்ட். பத்திரத்தை மாற்றிப் பதியும் வக்கீலான கன்வேயன்சரின் கட்டணம் இதற்கு மேல். அவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாக விற்பவர், பணம் கட்டுவது நீங்கள்.

லைஃப் ரைட்டைச் சொந்த வீடு என்று நினைப்பது

ஓய்வூதியர் கிராமங்களில் விற்கப்படுவது பெரும்பாலும் லைஃப் ரைட், அதாவது வாழும்வரை குடியிருக்கும் உரிமை. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒப்பந்தம் செய்தால் ஒருவர் போன பின்னும் மற்றவர் இருக்கலாம். பிள்ளைகளுக்கு எழுதிவைக்க முடியாது. கட்டிய பணத்தில் எவ்வளவு, எப்போது திரும்பி வரும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். பல இடங்களில் அடுத்தவர் வாங்கிய பிறகுதான் பணம் வரும், அதுவரை லெவியும் (மாதப் பராமரிப்புக் கட்டணமும்) ஓடும். இதை மோசமான ஏற்பாடு என்று சொல்லமாட்டோம். மருத்துவப் பராமரிப்பு பக்கத்திலேயே இருப்பது பெரிய நிம்மதி. ஆனால் நர்ஸிங் பிரிவில் இடம் உறுதியா, வெயிட்டிங் லிஸ்ட்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளை பேரில் வாங்குவது

அன்பினால் செய்யப்படும் தவறு இது. மகன் சமுதாயச் சொத்துரிமையில் (கணவன் மனைவி சொத்து இருவருக்கும் பொது என்ற முறையில்) திருமணம் செய்திருந்தால் அவர் பேரில் வாங்கும் வீட்டில் பாதி மருமகளுடையது. விவாகரத்தோ கடனோ வந்தால் உங்கள் கூரை கைவிட்டுப் போகும். வீட்டை இலவசமாகக் கொடுத்தால், வருட விலக்குக்கு மேற்பட்ட மதிப்புக்கு 20 சதவீத நன்கொடை வரியும் உண்டு. டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வீனி மாநகராட்சியில் ஓய்வூதியர்களுக்கான ரேட்ஸ் தள்ளுபடியைக் கேட்க முடியாமலும் போகலாம். வீட்டை உங்கள் பேரில் வைத்து உயிலில் எழுதுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, அரசாங்கப் பதிவு செய்யாத தம்பதிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீடு வாங்குமுன் வக்கீலிடம் அதைச் சொல்லி, இருவர் பேரிலும் பத்திரம் எழுதச் சொல்ல வேண்டும்.

பழைய வீடு விற்ற பணம் கையில் இருக்கும்போது மோசடிக்காரர்களும் காத்திருப்பார்கள். வக்கீல் அனுப்பியது போலவே மின்னஞ்சலில் வேறு வங்கிக் கணக்கு எண் வரும். அதிலுள்ள தொலைபேசி எண்ணில் கூப்பிடாதீர்கள். முதல்நாள் அலுவலகத்தில் வாங்கிய எண்ணுக்குக் கூப்பிட்டோ நேரில் போயோ கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள். டெபாசிட்டை வட்டி உங்களுக்கு வரும்படி வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் (வாடிக்கையாளர் பணத்துக்கான தனிக் கணக்கு) போட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பத்திரம் மாறப் பெரும்பாலும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், அத்தனை நாள் வட்டியில் பெரும்பகுதியும் உங்கள் பணம்தான்.